முன்பக்கத்துப் பாரம்

பற்றிக்கின் படகில் தண்ணீர் ஏறத் தொடங்கியது மனைவி டொரதியை அடக்கம் செய்த பிறகுதான். அதற்கு முன் ஒரு சொட்டுக்கூட வந்ததில்லை. "போட்டுக்கும் துக்கம் புடிச்சிட்டு" என்று படகைக் காட்டி மடவளை மீன் வியாபாரி நபீல் வாய்தவறிச் சொல்லப்போக, பற்றிக் அவனோடு சில நாள் பேச்சை விட்டிருந்தார்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தில் புருசனும் பெண்சாதியும் சேர்ந்தே வலை போட்டவர்கள். அவர் பின்னால் எஞ்சினோடு, அவள் முன்நுனியில் வலையோடு. டொரதி வாய் ஓயாமல் பேசுவாள். எஞ்சின் சத்தத்தில் பாதி காதில் விழாது. ஆனாலும் மனுசன் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். இப்போது தலையாட்டவும் வழியில்லை. தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறார். கரை சேர்ந்து கால்வைக்கும் பலகையைத் தூக்கினால் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர்.

பிலிமத்தலாவையில் இருக்கும் மகள் தினுஷா போனில் கோல் எடுத்துக் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நடுத்தண்ணியில முழுகிப் போனா யாருப்பா பாக்குறது? இந்தக் கிழமைக்குள்ள ஓட்டையக் கண்டுபுடிக்கலன்னா போட்ட வித்துட்டு இங்க வந்துருங்க."

அங்கே அவருக்காக ஒரு கதிரையும் டீவியும் காத்திருந்தன. நினைத்தாலே மூச்சு முட்டியது.

படகைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் விரல் படாத இடமில்லை. கீறல் கண்ட இடமெல்லாம் பசை பூசினார். அப்படியும் தண்ணீர் வந்தது. பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியில் வெட்கத்தை விட்டு நபீலைக் கூப்பிட்டார். அவனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். முன்நுனியில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தான். பெரிய சுற்றாகப் போய்வந்து பலகையைத் தூக்கினால் அடி காய்ந்து கிடந்தது.

"எங்க அண்ணே தண்ணி ஈக்குது? சும்மாவா என்னயப் பயங்காட்டின?"

அவனை இறக்கிவிட்டு, அதே சுற்றைத் தனியாகப் போய்வந்தார். தண்ணீர் வந்திருந்தது.

பற்றிக் நபீலைத் திரும்பக் கூப்பிட்டார். "நீ ஏறி என்னோட எடத்துல உக்காருடா" என்றார். நபீல் எஞ்சின் பக்கம் உட்கார, பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கியது. பற்றிக் தண்ணீரில் இறங்கி நின்று, டோர்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். எஞ்சின் மாட்டும் பலகையின் ஓரத்தில் ஒரு ஆணித்துளை. அதன் வழியே தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

பழைய எஞ்சினைக் கழற்றியபோது அவரே அடைக்காமல் விட்டு மறந்த துளை அது. டொரதி உயிரோடிருந்த காலம். அவள் முன்னால் உட்கார்ந்தால் பின்பக்கம் எழும்பும். துளை தண்ணீருக்கு மேலே நிற்கும். இத்தனை வருடமும் அவள்தான் அதைத் தண்ணீரில் முழுகாமல் வைத்திருந்தாள். அவளுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

"ஆம்பிட்டிச்சா அண்ணே?" என்றான் நபீல்.

 அடக்கத்தன்று வராத அழுகை பற்றிக்குக்கு, இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது வந்தது.

துளையை அடைத்தார். மறுநாள் தனியாகப் போய்வந்தபோது அடி காய்ந்தே இருந்தது. முன்பக்கம் மட்டும் போகும்போதும் வரும்போதும் வெறுமனே தூக்கிக்கொண்டிருந்தது.

அன்று தினுஷா கோல் எடுத்தாள். "எல்லாம் சரியாயிருச்சாப்பா?"

"போட்டு சரியாயிருச்சும்மா" என்றார் பற்றிக்.