புழு போட்ட அச்சு

ஓவியத் துறைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் புழு. விலங்கியல் படிக்கிற பெண் ஓவியமும் படிக்கிறேன் என்று வந்து நின்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்தக் கல்லூரியில் இரண்டையும் சேர்த்துப் படிக்க விதி இடம் கொடுத்தது. விதி கொடுத்து என்ன, அவர்களுக்கு மனசு வரவேண்டாமா?

ஓவிய மாணவர்களோடு சேர்ந்து எழுதும் இன்றைய தேர்வில் தேறினால் ஓவியமும் அவள் பாடம். தேறாவிட்டால் கடைசிவரை தவளையும் கரப்பானும்தான். அப்பா காலையிலேயே போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு தடவ எழுதிப் பாரு. கிடைக்கலன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

ஒரு கன்னத்தில் மச்சம் வைத்த கல்லூரிச் சமையல்காரர் நடுவில் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் நறுக்கினார். அவரைப் பார்த்து ரப்பர் பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுக்க வேண்டும். திருப்பிப் பார்க்க முகக் கண்ணாடி வைத்துக்கொள்ளக் கூடாது. முதலில் தாளில் வரைந்து பார்க்கவும் கூடாது. பலகையில் இடது என்றால் அச்சில் வலது. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அவசரத்தில் கண் பார்த்ததைத்தானே கை செதுக்கும்?

அவள் முதல் கீறலைப் போட்டாள். அப்புறம் கை அது பாட்டுக்குப் போனது. பக்கத்து மேசைத் தாடிக்காரன், வகுப்பிலேயே கெட்டிக்காரன், எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன புழு, கத்திய வலது கையில குடுத்திருக்க? அவரு பீச்சாங்கைக்காரரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குத் திக்கென்றது. மாற்றிச் செதுக்க நேரமும் இல்லை. ஆனது ஆகட்டும் என்று கையை நம்பினாள்.

ஈர அச்சுகளைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார்கள். சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அடப்பாவிகளா! எங்கம்மா அடிச்சும் மாறாத கைய இப்படி மாத்திட்டீங்களே!"

ஒன்றிரண்டு பேருக்குக் கத்தி சரியான கையில் வந்திருந்தது. ஆனால் மச்சம் எதிர்க் கன்னத்துக்குப் போய்க் காலை வாரிவிட்டது. கடைசி அச்சின் முன்னால் அவர் நின்றுவிட்டார்.

"இந்தா, இதுதான் நான். மச்சம்கூட அதே கன்னத்துல!"

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"கரப்பான்பூச்சி, மேடம்."

இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது.

"மைக்ராஸ்கோப்ல பூச்சி வலது பக்கம் போகணும்னா அத வச்ச கண்ணாடித் தகட்ட இடது பக்கம் தள்ளணும், மேடம். ரெண்டு வருஷமா அதே வேலை. கை தானா திரும்பிக்குது."

"அடுத்த வருஷம் வர்றப்ப சொந்த உளி வாங்கிட்டு வா," என்றார் ஆசிரியை. "இங்க இருக்கறதெல்லாம் மொக்கை. உன்ன சேத்தாச்சு."

தாடிக்காரன் அவளுடைய அச்சின் மூலையைக் குனிந்து பார்த்தான். மற்றவர்களின் கையெழுத்தெல்லாம் இடவலம் மாறித் தொங்க, அங்கே மட்டும் 'புழு' என்று நேராக, அழகாக இருந்தது.

"நீயே போட்டுக்கிட்டியா?"

"நீங்க ஆசையா வச்ச பேராச்சே!"

சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை. மை பூசிய விரலாலேயே போனை அழுத்தினாள்.

"அப்பா, அந்தப் பேச்ச இப்ப எடுக்கட்டுமா?"