பில் வராத மேசை

எனக்கு வேண்டியிருந்த சம்மதத்தின் விலை ஐயாயிரத்து இருநூறு ரூபாய். அரைக் கோழி கிரில் இரண்டு, குபுஸ் ரொட்டி ஆறு, ஃபலூடா நாலு. விலையை நானும் குறிக்கவில்லை, வாப்பாவும் குறிக்கவில்லை. கேம்பஸ் ஐஸ்கிறீம் கிரில் கடையின் கரும்பலகையில் சோக்கால் எழுதிப் போட்டிருந்தது; பேரம் பேச இடமில்லை. கட்டுகஸ்தோட்டையில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களது. சொன்ன விலைக்கு எதையாவது வாங்கினால் எங்களுக்கு அன்று சாப்பாடு செமிக்காது. அன்றும் செமிக்கவில்லை.

விஷயம் பெண் பார்ப்பதுதான். இப்போது எங்கள் ஆட்களிடம் ஒரு புதுப் பழக்கம்: முதல் பார்வையை வீட்டில் வைப்பதில்லை. வீட்டுக்கு வந்து வட்டிலப்பம் தின்றுவிட்டுச் சரிவராது என்றால் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும். ஏதாவதொரு கடையில் தற்செயலாகச் சந்தித்தது போலச் சந்தித்தால், பிடிக்காதவர்கள் ஐஸ்கிறீம் தின்ன வந்தவர்களாகவே எழுந்து போய்விடலாம். யாருக்கும் நட்டமில்லை.

இடத்தைத் தெரிவு செய்தது நான். உம்மாவுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. "கோழி சுடுற இடத்துல வெச்சா பொண்ணக் காட்டுற?" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

நான் அந்த இடத்தைத் தெரிவு செய்ததற்குக் காரணம் கோழி அல்ல. அங்கிருந்து எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தின் அலுவலகத்துக்கு மூன்று நிமிட நடை. என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. இரசாயனவியல் பகுதியில் ஒரு வருட டெமோன்ஸ்ட்ரேட்டர் வேலை. ஆய்வுகூடத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டும் வேலை. பட்டம் முடித்த எழுபது பேரில் மூவருக்குக் கிடைத்தது. சம்மதம் என்று கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் கையில் கொடுக்க வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் உள்ள அடுத்த ஆளுக்கு. பெண் பார்க்க வந்ததும் அதே வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குச் சாத்துகிற கடைகளை இரு பக்கத்தாரும் திரும்பத் திறக்காமல் விடக்கூடிய ஒரே நாள் அதுதான்.

வாப்பா வேலைக்கு எதிரி அல்ல. அவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது, அவ்வளவுதான்.

"மாப்பிள்ள ஊட்டால சரி எண்டு ஒரு வார்த்த வரட்டும். மறுகா கையெழுத்து வை. இப்பவே வெச்சா வெட்டின துணி மாதிரி, திருப்பி எடுக்க ஏலா."

"அப்ப போன உடனே கேளுங்க வாப்பா."

"உடனே கேட்டா விலை ஏறும் மகள்."

வாப்பாவின் முறை இதுதான். வேண்டியதை முதலில் கேட்கக் கூடாது. கல்யாணச் சேலை வாங்க வருகிறவர்களில் கெட்டிக்காரர்கள் கடைசி வரை பிளவுஸ் துணியைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். காசு கொடுத்து, சேலையைப் பையில் போடும்போது, "இதுக்கு ஒரு பிளவுஸ் துணியையும் போட்டு உடுங்களே" என்பார்கள். காசை வாங்கிப் பெட்டியில் போட்ட கையால் இல்லை என்று சொல்ல வராது. முப்பது வருடமாக அப்படிக் கேட்கப்பட்டு நொந்த வாப்பா, அன்று தன் முறைக்கு அதையே செய்யத் திட்டம் போட்டிருந்தார்.

"சாப்பிட்டு முடியும். பில் வரும். நான் பறிச்சிடுவன். அவங்க வேணாம் வேணாம் எண்டு கையப் புடிப்பாங்க. நான் உட மாட்டன், கட்டுவன். கட்டிட்டு, எழும்புற நேரம், இவ ஒரு வருஷம் கேம்பஸ்ல சும்மா போய் வரட்டுமே எண்டு செல்லுவன். நம்மட சோத்தத் திண்டுட்டு இல்ல எண்டு செல்ல நாக்கு வராது."

நல்ல திட்டம்தான். நாலு வருடம் அதே கடையில் தின்ற எனக்கு, அதிலிருந்த ஓட்டை மட்டும் கண்ணில் படவில்லை.

இரண்டரை மணிக்கு மாப்பிள்ளை அர்கமும் அவருடைய உம்மா அனீஸாவும் மாத்தளையிலிருந்து "தற்செயலாக" வந்து சேர்ந்தார்கள். அனீஸா மாமி கணவன் மவுத்தான பிறகு டைல்ஸ் கடையைத் தனியே நடத்துகிறவர். என்னை ஒரு தரம் பார்த்தார். பெட்டியைத் திறந்து மூலை உடைந்த டைல் இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை.

"நாங்க சும்மா இந்தப் பக்கம் வந்த," என்றார்.

"நாங்களும் சும்மாதான்," என்றார் வாப்பா, இஸ்திரி கலையாத புதுச் சட்டையில்.

அர்கம் எல்லாருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போய், அறுபத்து மூன்று என்று எழுதிய மரக்கட்டையோடு திரும்பி வந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த டைல் லெவல் இல்ல," என்றார். என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"நாலு வருஷமா கதிரை ஆடுது. நான் கதிரையில பிழை எண்டு நினைச்சன்," என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு லெவலாகத்தான் இருந்தது.

ஃபலூடா உடனே வந்தது. கோழி வரவில்லை. அந்தக் கடையில் எப்போதும் அப்படித்தான். முதலில் இனிப்பு, பிறகு ஐம்பது நிமிடம் புகை. பெரியவர்கள் இருவரும் பேச்சை ஆரம்பித்தார்கள்.

"வியாபாரம் எப்பிடி நானா?"

"படுத்துட்டுது."

"நம்மளதும் அப்பிடித்தான். ஆருட கையிலயும் காசில்ல."

போன மாதம்தான் வாப்பா கடைக்கு இரண்டாம் மாடி கட்டி முடித்தார். மாமி வந்திறங்கிய வான் வண்டியின் இருக்கைகளில் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. இரண்டு ஏழைகளும் ஒருவரையொருவர் மதிப்போடு பார்த்துக்கொண்டார்கள்.

"புள்ள சமைக்கிறா?"

"எல்லாம் செய்வா," என்றார் வாப்பா.

எனக்குச் செய்யத் தெரிந்தது முட்டைப் பொரியலும் சல்பூரிக் அமிலத்தை நீரில் கலப்பதும். இரண்டிலும் கை சுட்டிருக்கிறது. நான் கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தேன். மூன்று ஐந்து.

அப்போதுதான் நிரஞ்சனி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முதலாம் வருடம். கையில் கோன் ஐஸ்கிறீமோடு எங்கள் மேசையைக் கடந்து போனவள் திரும்பி வந்தாள்.

"நுஸ்ஹா அக்கா, திங்கக்கிழமையில இருந்து நீங்கள்தானாமே எங்கட லாபுக்கு வாறது? பெடியள் எல்லாம் கேட்டுக்கொண்டு நிக்கினம்."

என் நெஞ்சில் பால் ஊற்றியது போல் இருந்தது. கேட்காமலே வாய்ப்பு வந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. ஓம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; மீதியை வாப்பா பிடித்துக்கொள்ளலாம்.

வாப்பா பிடித்துக்கொண்டார்.

"இல்ல மகள், அது வேற ஆரோ. இவ வேலைக்கெல்லாம் போறல்ல."

நிரஞ்சனி என்னைப் பார்த்தாள். நான் ஃபலூடாவின் அடியில் கிடந்த கசகசாவைப் பார்த்தேன். "அப்ப சரி அக்கா," என்று அவள் மெதுவாகப் போய்விட்டாள்.

"அதானே," என்றார் அனீஸா மாமி. "நல்லம்."

அந்த நல்லத்தைக் கேட்டதும் மேசைக்குக் கீழே வாப்பாவின் காலை ஓங்கி மிதித்தேன். வாப்பாவின் முகம் மாறவில்லை. எதிரே அர்கமின் முகம் மாறியது. அவர் தன் சப்பாத்துக் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

மாமி கை கழுவ எழுந்து போன நேரம், அர்கமுக்குக் கேட்காதபடி வாப்பாவின் காதில் கேட்டேன். "ஏன் வாப்பா பொய் சென்ன?"

"நம்மட சரக்கப் பத்தி மத்தவன் வாயால வரக் கூடாது. பில் வரட்டும்."

மூன்று முப்பத்து நாலுக்குக் கோழி வந்தது. ஒரு பக்கம் கரிந்து, மறு பக்கம் கோழி தன் பழைய நிறத்தை மறக்காமல். வாப்பா அதை அவசர அவசரமாகத் தின்றார். எலும்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, இடக்கையால் பேர்ஸை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார். பறிக்கப் போகிற கை ஒன்று, கட்டப் போகிற கை ஒன்று.

மேசை துடைக்கும் பெண் பக்கத்தில் வந்தாள். வாப்பா சிங்களத்தில் பில்லைக் கேட்டார். அவள் அறுபத்து மூன்றாம் நம்பர்க் கட்டையை எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போனாள்.

"பில்லா மாமா?" என்றார் அர்கம். "அது அப்பவே கட்டியாச்சு. இங்க காசு கட்டினாத்தான் நம்பர் தருவாங்க."

வாப்பா பேர்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாலு வருடம் இங்கே தின்றாயே, நீ எதற்குப் படித்தாய் என்று அந்தப் பார்வை கேட்டது. நியாயமான கேள்வி. ஒரு நாளைக்கு இரண்டு தரம் அந்தக் கவுண்டரில் முற்பணம் கட்டிய நான், வாப்பா பில்லைப் பறிப்பார் என்று சொன்னபோது தலையாட்டினேன். கடைக்காரன் வீட்டில் பிறந்தால், பில்லுக்கு அடிபடாத மேசையொன்று உலகத்தில் இருக்கும் என்று மூளைக்கு எட்டுவதில்லை.

"நீங்க ஏன் கட்டின தம்பி," என்றார் வாப்பா, சத்தம் வெளியே வராமல்.

"அதுல என்ன நானா," என்றார் மாமி. காசு பெட்டியில் விழுந்த பிறகு வரும் குரல்.

இப்போது சோறு அவர்களுடையது. அதைத் தின்றது நாங்கள். இந்த நிலையில் வாப்பாவால் ஒரு தண்ணீர்ப் போத்தல் கூடக் கேட்க முடியாது. என் ஒரு வருடத்தை எப்படிக் கேட்பார்? மணி மூன்று நாற்பத்திரண்டு.

வாப்பா திடீரென்று எழுந்தார். "எல்லாருக்கும் ஒரு கோன் ஐஸ்கிறீம் எடுத்துட்டு வாறன்."

"ஃபலூடா குடிச்சதுதானே," என்றார் மாமி.

"சூட்டுக்கு மேல குளிர் நல்லம்."

கணக்கை நேராக்கப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. நாலு கோன் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால், கேட்க ஒரு நூல் உரிமையாவது வரும். ஆனால் அதே நேரம்தான் பின்னேர லெக்சர் விட்டது. இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் மலை இறங்கி வந்து ஐஸ்கிறீம் கியூவை நிரப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசி ஆளாக, புதுச் சட்டையோடு வாப்பா.

நான் மேசையில் இருந்தேன். மூன்று நாற்பத்தைந்து. வாப்பாவுக்கு முன்னால் பதினெட்டுப் பேர். நாற்பத்தெட்டு. பதினான்கு பேர். மெஷின் நின்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பிறகு ஓடியது. மாமி டைல்ஸ் இறக்குமதி வரியைப் பற்றி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது. பதினொரு பேர்.

"மாமி, ஒரு பத்து நிமிஷத்துல வாறன்," என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கியூவைத் தாண்டும்போது வாப்பா கையைப் பிடித்தார்.

"எங்க போற?"

"கையெழுத்து வைக்க."

"நில்லு மகள். இன்னம் ஒம்பது பேர்தான்."

"அலுவலகத்துக்கு அது தெரியாது வாப்பா."

கையை இழுத்துக்கொண்டு நடந்தேன். பிறகு ஓடினேன்.

அலுவலகத்தில் லிகிதர் பெண்மணி ஏற்கெனவே குடையை மேசையில் எடுத்து வைத்திருந்தார். கடிதத்தோடு இன்னொரு படிவமும் தந்தார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், விவாக நிலை. அந்த இடத்தில் என் பேனா நின்றது. மூன்று நிமிட நடை தூரத்தில் அந்தக் கேள்விக்கான விடை கோழி எலும்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. விவாகமாகாதவர் என்று எழுதினேன். அன்றைய திகதிக்கு அது உண்மை. சீல் விழுந்தபோது சுவர் மணிக்கூட்டில் நாலுக்கு மூன்று நிமிடம்.

திரும்பி வந்தபோது வாப்பா நாலு கோன்களோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வனிலா விரல்களுக்கிடையால் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது. அவர் வாயைத் திறக்கு முன் நான் திறந்தேன்.

"மாமி, அப்ப வந்த புள்ள சென்னது சரி. திங்கக்கிழமையில இருந்து எனக்கு வேலை ஈக்குது. ஒரு வருஷம். இப்பத்தான் கையெழுத்து வெச்சிட்டு வாறன்."

மாமி கோனை வாங்கவில்லை. வாப்பாவைப் பார்த்தார்.

"அப்ப ஏன் நானா இல்ல எண்டு சென்ன?"

வாப்பாவிடம் பதில் இருந்தது. முப்பது வருடத்து வியாபார முறையைக் கையில் ஐஸ்கிறீம் வழிய நின்றுகொண்டு விளக்க முடியாது, அவ்வளவுதான். "சரியான நேரத்துல செல்லலாம் எண்டு," என்றார்.

"வேலை செய்ற புள்ள எண்டா, அதுக்கு நான் யோசிக்க ஈக்குது," என்றார் மாமி, முந்தானையைச் சரிசெய்தபடி. "இல்லாதத ஈக்குது எண்டு விக்கிற ஊட்ட நான் கண்டீக்கிறன். ஈக்கிறத இல்ல எண்டு விக்கிற ஊட்ட இண்டைக்குத்தான் காணுற. அதுக்கும் சேத்து யோசிக்க ஈக்குது."

அர்கம் மட்டும் ஒரு கோனை வாங்கிக்கொண்டார். வான் வண்டியை நோக்கி நடந்த உம்மாவுக்குப் பின்னால் இரண்டடி போனவர் திரும்பினார்.

"அப்ப அந்த மிதி மாமாவுக்கா?"

"ஓ."

"நல்ல மிதி," என்றார். அது நல்ல சகுனமா, முறைப்பாடா என்று கேட்பதற்குள் வான் கதவு சாத்தப்பட்டது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. வாப்பா ஸ்டியரிங்கில் ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"இன்னம் ஒம்பது பேர்தான் ஈந்த," என்றார். "ஒம்பதே ஒம்பது பேர்."

கடிதத்தின் பிரதியை மடித்து, அதன் பின்பக்கத்தில் கணக்கை எழுதினேன். அவர்கள் செலவு: கோழி மூவாயிரத்து இருநூறு, குபுஸ் நானூற்று எண்பது, ஃபலூடா ஆயிரத்து ஐந்நூற்று இருபது, மொத்தம் ஐயாயிரத்து இருநூறு. எங்கள் செலவு: கோன் நாலு, ஒன்று நூற்றைம்பது, அறுநூறு, அதில் அவர்கள் ஏற்றுக்கொண்டது ஒன்று. நாங்கள் கொடுக்க வேண்டியது: ஐயாயிரத்து ஐம்பது ரூபாய், ஒரு பொய், ஒரு மிதி. எங்களுக்கு வர வேண்டியது: ஒரு பதில்.