லாவண்யா மறைத்த பயிற்சி

ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டும் லாவண்யாவும் ரேணுகாதேவியும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடப் பழகினார்கள். பணயம் புளியங்கொட்டைதான். இருவருக்குமே ஆட்டம் புதிது.

லாவண்யா வீடு திரும்பும் பஸ்ஸில் தினமும் செல்போனிலும் ஆடிப் பார்த்தாள். எந்தச் சீட்டோடு ஒதுங்குவது, எப்போது துணிந்து பந்தயத்தை ஏற்றுவது என்பது மெல்லப் பிடிபட்டது. இரண்டே மாதத்தில் எப்போதும் அவளே ஜெயித்தாள். ரேணுகா வியந்தபோதெல்லாம், "என்னமோ தானா வருதுக்கா" என்றாள். கெட்டிக்காரி என்ற பெயர் பிடித்திருந்தது.

ஒருநாள் ரேணுகா சீட்டுக்கட்டை அவளிடமே நீட்டினாள். "நீயே வெச்சிக்கோ. எட்டாவதோட நின்னவ நான். எனக்கு இதெல்லாம் ஏறாது. சும்மா உன்ன பேஜார் பண்ணிகினு இருக்கேன்."

லாவண்யா சீட்டுக்கட்டை வாங்கவில்லை. "தானா வரலக்கா. தெனம் பஸ்ல போன்ல ஆடிகினுதான் போறேன். உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

ரேணுகா அவளையே பார்த்தாள். "ரெண்டு மாசமா நான்தான் மக்குன்னு என்னயே திட்டிகினு இருந்தேன்டி."

இரண்டு நாள் ரேணுகா தனியாகச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் வந்து தன் செல்போனை நீட்டி, "அந்த ஆட்டத்த இதுல ஏத்திக் குடு" என்றாள். லாவண்யா ஏற்றிக் கொடுத்தாள். ரேணுகா அதை வாங்கிக்கொண்டு வேறு மூலையில் போய் உட்கார்ந்தாள்.