டேப்பி பிஷியின் கயிறு

குளிர்காலம் வந்து கடைத்தெருவில் ஆரஞ்சுப் பழம் குவிய ஆரம்பித்தால், எங்கள் சந்துக் குழந்தைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப்போவது என் உரிமை. யாரும் கொடுத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. கல்யாணம் ஆகாமல் கல்கத்தாவில் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டதால் சந்துக்கே நான் அத்தை. டேப்பி பிஷி என்பார்கள். பிஷி என்றால் அத்தை. டேப்பி, குண்டுக் குழந்தைக்கு வைக்கிற செல்லப்பெயர். இப்போது என்னைப் பார்த்தால் துடைப்பக்குச்சிக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் ஆள் இளைத்தாலும் செல்லப்பெயர் இளைப்பதில்லை.

அந்த வருஷம் என் உரிமைக்கே ஆபத்து வந்தது.

"பிஷிமா, உங்களுக்கு எழுபது தாண்டியாச்சு. இந்தத் தடவை துணைக்கு யாராவது வரட்டுமே," என்றாள் போம்போலின் அம்மா ஷுக்லா.

"துணையா? எனக்கா? நான் இதுவரைக்கும் ஒரு குடையைக்கூடத் தொலைச்சதில்ல."

"போன வாரம் மீன்கடையில விட்டுட்டு வந்தீங்களே?"

"அது தொலைக்கிறதில்ல. மறக்கிறது."

ஷுக்லா சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "ஒரு பிள்ளை கண்ணுல இருந்து மறைஞ்சாலும் அடுத்த வருஷத்துல இருந்து போறது கிடையாது. கோவிச்சுக்கக் கூடாது, பிஷிமா."

மற்றவர்களுக்கு துர்கா பூஜை இருக்கிறது. எனக்கு வருஷத்தில் பண்டிகை என்றால் இந்த ஒருநாள்தான். அதைக் காப்பாற்ற ஒரு யோசனை செய்தேன். துணி காயப்போடும் நைலான் கயிற்றில் வரிசையாக முடிச்சுப் போட்டேன். முன்னால் நான், பின்னால் ஆளுக்கொரு முடிச்சாக மிதுல், ஜும்பா, போம்போல், கடைசியில் குட்டி டுக்டுக். இந்த அறிவு இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குரங்குக் கூண்டு வரை எல்லாம் சரி. அங்கே அவித்த முட்டையும் ஆரஞ்சும் சாப்பிட எல்லோரும் கயிற்றை விட்டார்கள். சாப்பிட்டதும் கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு, "பிடிச்சாச்சா?" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. நான் போட்டிருந்த, காது கழுத்தெல்லாம் மூடும் குரங்குக் குல்லாய்க்குள் காது கேட்பதும் கஷ்டம், கழுத்து திரும்புவதும் கஷ்டம். "பிடிச்சாச்சு!" என்று பின்னால் பிஞ்சுக் குரல்கள். கயிறு இறுகியது. நடந்தேன்.

நடந்துகொண்டே, நீர்யானை ஏன் தண்ணீரைவிட்டு வெளியே வர வெட்கப்படுகிறது என்ற கதையை ஆரம்பித்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். போம்போல் ஒரு வரிக்கு ஒருதரம் "போன தடவை வேற மாதிரி சொன்ன" என்பவன். நானோ, இந்த வயதில் எனக்குக் கதை சொல்ல வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

நீர்யானைக் குளம் வந்ததும் உடம்போடு திரும்பினேன். என் கயிற்றில், முடிச்சுக்கு ஒன்றாக, பச்சை ஸ்வெட்டர் போட்ட நான்கு குழந்தைகள். ஒன்றைக்கூட நான் முன்பின் பார்த்ததில்லை.

"நீங்கல்லாம் யாரு?"

"கே.ஜி. பி," என்றது முதல் முடிச்சு.

"ஏன் என் கயித்தப் பிடிச்சீங்க?"

"கயித்தப் பாத்தா பிடிச்சுக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

"உங்க மிஸ் எப்படி இருப்பாங்க?"

"அழகா இருப்பாங்க," என்றது, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு.

பிள்ளைகளைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கயிற்றில் செய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஷுக்லாவின் முகம் நீர்யானையின் மேல் தெரிந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "கவனிக்கவும். டேப்பி என்ற முதிய பெண்மணியைக் காணவில்லை. ஒல்லியான உடம்பு, சிவப்புக் குரங்குக் குல்லாய், கையில் கயிறு. முழுப்பெயர் யாருக்கும் தெரியவில்லை. அவர் அழைத்துவந்த குழந்தைகள் விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறார்கள்."

"நான் அழல! போம்போல்தான்!" என்று டுக்டுக்கின் குரல் மிருகக்காட்சிசாலை முழுக்க எதிரொலித்தது.

என் பிள்ளைகள் பத்திரம். அந்த நிம்மதியில் கண் கலங்கியது. மறுகணமே மானம் நினைவுக்கு வந்து குல்லாயைக் கழற்றி இடுப்பில் செருகினேன். பயனில்லை. வேர்க்கடலை விற்பவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டேப்பி நீங்கதானா, தீதி?"

"ஆமா."

"பேருக்கும் ஆளுக்கும் ஒட்டவே இல்லையே!" என்றபடி வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

விசாரணை அறை வாசலில் கே.ஜி. பி-யின் மிஸ் ஓடிவந்து நான்கையும் அள்ளிக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தாள். என்னைத் திட்ட அவள் வாயைத் திறப்பதற்குள் முதல் முடிச்சு, "மிஸ், கதை பாதியில நிக்குது," என்றது. அவளுக்குத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

உள்ளே இருந்த ஊழியர் கேட்டார்: "இந்த அம்மாவுக்கு யாரு பொறுப்பு?"

"நான்," என்றாள் மிதுல். வயது ஒன்பது.

"இனிமே கைய விட்டுடாதம்மா."

"சரி, காக்கூ," என்று அந்தச் சித்தப்பாவுக்குத் தலையாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் வாங்கிவைத்திருந்த பனைவெல்லச் சந்தேஷ் இனிப்பை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்து, "வீட்டுல சொல்ல வேண்டாம்," என்றேன். லஞ்சத்தை மிச்சமில்லாமல் தின்றார்கள்.

சந்து முனையில் ஷுக்லா நின்றிருந்தாள். "எல்லாரும் பத்திரமா?"

"யாரும் தொலையல, காக்கிமா," என்றது டுக்டுக், உதட்டில் சந்தேஷோடு. "பிஷி மட்டும் தொலைஞ்சா. அப்புறம் கிடைச்சுட்டா."

ஷுக்லா என்னைப் பார்த்தாள். என் உரிமை முடிந்தது என்று நான் தரையைப் பார்த்தேன். அப்போது மிதுல் முன்னால் வந்தாள்.

"காக்கிமா, பிள்ளை மறைஞ்சாதானே போகக்கூடாதுன்னு சொன்னீங்க? எந்தப் பிள்ளையும் மறையலையே. நாங்க எல்லாரும் குரங்குக் கூண்டுகிட்ட ஒண்ணாத்தான் இருந்தோம்."

"என்கிட்டயே சட்டம் பேசறியாடி?" ஷுக்லா எவ்வளவோ அடக்கிப்பார்த்தாள், சிரிப்பு வெடித்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் தொங்கிய கயிற்றை எடுத்தாள். "சரி. அடுத்த வருஷமும் போங்க. ஆனா முன்னாடி மிதுல். பின்னாடி போம்போல். பிஷிமா நடுவுல."

சொன்னபடியே நடு முடிச்சை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். பதிலுக்கு ஏதாவது பேசினால் மனசு மாறிவிடுவாளோ என்று பயந்து, வாயைத் திறக்காமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.