இருபதாவது பெயர்

அமெரிக்காவின் ஒரு சிற்றூரில் இருந்த ஹார்லன் கிரீக் நடுநிலைப் பள்ளியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பாதிக்கு மேல் மாட்டிறைச்சி ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். யார் என்ன இனம், யாருக்கு மதியச் சாப்பாடு இலவசம், யார் வீட்டில் என்ன பேச்சு, யார் எத்தனை மதிப்பெண் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து மாநிலக் கல்வித் துறைக்கு அனுப்புவது ரொசௌராவின் வேலை. ஒன்பது வருடமாக அவள் அந்தப் பள்ளியின் எழுத்தர். அதற்கு முன் ஆறு வருடம் அதே ஆலையில் நின்றபடி கொழுப்பு சீவியவள்.

வெள்ளிக்கிழமை மாலை தலைமையாசிரியர் விட்கோம்ப் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இங்கிலீஷ் இன்னும் வராத பிள்ளைங்க எத்தனை பேரு ரொசௌரா?"

"இருபது சார்."

"பத்தொம்போது ஆகாதா?"

அவர் கேட்டதன் பொருள் அவளுக்கு உடனே விளங்கியது. ஒரு பிரிவில் இருபது பேர் இருந்தால்தான் அதன் தேர்ச்சியை மாநிலம் தனியாக எடைபோடும். ஒருவர் குறைந்தாலும் அந்தக் கட்டத்தில் வெறும் கோடு. இருபது பேரில் தேறியவர் இரண்டே பேர். பள்ளி ஏற்கனவே இரண்டு வருடம் பின்தங்கிய பட்டியலில் இருந்தது. மூன்றாம் வருடமும் வந்தால் மொத்த ஆட்களையும் கலைத்துவிட்டு வேறு ஆட்களைப் போடுவார்கள்.

"அந்த மிக்கேலா நல்லாத்தானே பேசுறா? வராண்டாவுல பாத்து ஹாய் சொன்னாளே."

"எங்க வீட்டுக் கிளியும்தான் ஹாய் சொல்லுது சார்."

விட்கோம்ப் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். வீட்டில் பேசும் மொழி எது என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கும் படிவம். மிக்கேலாவைச் சேர்க்கும்போது அவள் அப்பா கிச்சே என்று எழுதியிருந்தார். குவாத்தமாலா மலையில் அவர்கள் பேசும் மொழி.

"முன்னாடி தப்பா எழுதிட்டேன், வீட்டுல இங்கிலீஷ்தான்னு அவ அப்பாகிட்ட ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். திங்கக்கிழமை கணக்கு அனுப்பணும். உன் வேலைக்காக மட்டும் சொல்லல, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க காலேஜ்ல இருக்கு."

ஞாயிறு மதியம் ரொசௌரா ஆலைத் தொழிலாளர் குடியிருந்த தகர டிரெய்லர் வீடுகள் வரிசைக்குப் போனாள். மிக்கேலாவின் அப்பா தோமிங்கோ அப்போதுதான் சபை ஆராதனையிலிருந்து வந்து, சட்டைப் பித்தான்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்து அம்மா வீடு தேடி வந்திருக்கிறாள் என்றதும் பதறி எழுந்து, இருவருக்கும் தெரிந்த ஸ்பானிஷில் கேட்டார்.

"என்ன சென்யோரா, ஏதாவது வம்பு பண்ணிட்டாளா?"

"இல்ல தோமிங்கோ. ஒரு காகிதத்துல கையெழுத்து வேணும். அவளை அந்த இங்கிலீஷ் தனி வகுப்புலேருந்து எடுத்துட்டு, மத்த பிள்ளைங்களோடயே வெக்கிறதுக்கு."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம். பொய் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

அவர் முகம் விரிந்தது. "மேல ஏத்திட்டாங்களா! தொமாசா, கேட்டியா? நம்ம பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளைங்களோட சேந்துட்டா!" மனைவி அடுக்களையிலிருந்து காப்பியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ரொசௌரா காகிதத்தை மேஜையில் விரித்தாள்.

"எங்க போடணும்?" பேனாவை அவரால் விரலால் பிடிக்க முடியவில்லை. ஆலையில் பதினோரு வருடம் எலும்பு பிரித்த விரல்கள் முழுதாக மடங்காது. முழுக் கையால் இறுக்கிப் பிடித்தார்.

மிக்கேலா மேஜையின் மறுமுனையில் நின்றாள். பன்னிரண்டு வயது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எங்கல் டீச்சர் வகுப்பு?" என்றாள். எங்கல் என்பது அந்தத் தனி வகுப்பு ஆசிரியையின் பெயர்.

"அது... இருக்காது."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தோமிங்கோ மகளையும் ரொசௌராவையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த இடத்தில் ரொசௌரா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கையெழுத்து விழுந்திருக்கும்.

"இது மேல ஏத்துறது இல்ல தோமிங்கோ," என்றாள். "கணக்குலேருந்து பேரை எடுக்குறது. இவ பேரு இருந்தா இருபது. இருபது இருந்தா பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு. வீட்டுல இங்கிலீஷ் பேசுறோம்னு நீங்க எழுதிக் குடுத்தா பத்தொம்போது."

தோமிங்கோவின் பேச்சில் மரியாதை போயிருந்தது.

"நீயும் ஆலையில அந்த வெட்டுற மேஜைக்கு முன்னால நின்னவதானே?"

"நின்னவதான்."

மூத்தவள் ஹுவானா உள்ளறைக் கதவோரம் வந்து நின்றாள். பத்தொன்பது வயது, இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டியிருந்தாள். "போடுங்கப்பா கையெழுத்து. நான் மூணு வருசம் அந்த வகுப்புல உக்காந்தேன். என்ன கெடச்சுது? ஆலையில சாயங்கால ஷிப்டு. அங்க போறவளை எல்லாரும் மக்குன்னுதான் சொல்லுவாங்க. இவளாவது தப்பிக்கட்டும்."

ஹுவானா சொன்னதும் உண்மை. அந்தப் பெண்ணின் மதிப்பெண்களையும் வருடா வருடம் கட்டத்தில் போட்டு அனுப்பியவள் ரொசௌராதான்.

"சொல்லட்டும்," என்றாள் மிக்கேலா. அப்பாவிடம் கிச்சேயில் ஏதோ வேகமாகப் பேசினாள். பிறகு ரொசௌராவுக்காக ஸ்பானிஷில் திருப்பிச் சொன்னாள்: "மத்த வகுப்பெல்லாம் போர்டைப் பாத்து அப்படியே எழுதுறேன். என்னன்னே தெரியாது. யாரும் கேக்கவும் மாட்டாங்க. எங்கல் டீச்சர் மட்டும்தான், புரியலன்னா கையைத் தூக்குன்னு சொல்றாங்க. அங்க நான் தூக்குறேன்."

தோமிங்கோ பேனாவை மேஜையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க சென்யோரா. நாங்க கிச்சேதான் பேசுறோம்."

காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தொமாசா நின்றாள். ரொசௌரா குடித்தாள்.

திங்கட்கிழமை காலை முதல் பேருந்து வருமுன்னே விட்கோம்ப் அவள் மேஜைக்கு வந்துவிட்டார்.

"போனியா?"

"போனேன் சார். இருபதுதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் நின்றார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"எந்திரி," என்றார் கடைசியில். "நானே அனுப்புறேன். பின்தங்கின பட்டியல் வர்றப்போ யார் அனுப்பினதுன்னு கேப்பாங்க. உன் பேரு அதுல வேணாம்."

அவளுடைய நாற்காலியில் அவரே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால் இருபது என்று தட்டினார்.

"தேறினது?"

"ரெண்டு சார்."

அதையும் போட்டார்.