இடப்பக்க முன்சக்கரம்

விடியற்காலை ஐந்தரைக்குள் மூன்றாவது காரைத் தூக்கிக்கொண்டிருந்தார் பொன்னையன். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஜாக்கி முனகியது. மழைநீர் ஊறிய சிமென்டுத் தரையில் மல்லாந்து வண்டிக்கடியில் நகர்ந்தபோது முதுகெலும்பு கணுக்கணுவாக வலித்தது. சக்கர நட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்த பிறகுதான் அசைந்து கொடுத்தன. ஏழு மணிக்குள் எல்லா வண்டிகளும் ஓட்டத்துக்குப் போயாக வேண்டும். பாறசாலையில் அந்தப் பட்டறையும் அதில் நிற்கும் பதினொரு வாடகைக் கார்களும் சதாசிவன் முதலாளிக்குச் சொந்தம்.

"அண்ணே, எனக்க வண்டியையும் ஒண்ணு பாருங்க" என்றான் டிரைவர் பிஜு. "நேர் ரோட்டில கூட இடத்தோட்டு இழுக்குது. ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சு தோளு போச்சு."

பொன்னையன் இடப்பக்க முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். டயரின் வெளிப்பக்கம் வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருந்தது. உள்பக்க ஓரமோ இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டையாகி, கம்பி தெரியத் தொடங்கியிருந்தது. காற்றுக் குறைந்து ஓடினால் இரண்டு ஓரங்களும் தேயும். காற்றுக் கூடினால் நடுப்பகுதி தேயும். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து ஓடுகிறது. அவர் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். டக், டக் என்று உள்ளே சத்தம் கேட்டது. சக்கரத்தை வண்டியோடு பூட்டும் பால் ஜாயின்டின் ரப்பர் கிழிந்து, கிரீஸ் வறண்டு, உருண்டை குழிக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

"மக்கா, டயருக்க குத்தம் இல்ல கேட்டியா. பால் ஜாயின்டாக்கும் போனது. பெரிய பள்ளத்தில விழுந்தா சக்கரம் மடங்கிரும். மாத்தாம ஓட்டப்பிடாது."

முதலாளி வந்தார். நின்றபடியே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"அந்த டயரைப் பொறத்தே போடும். பொறத்தே கெடக்கத முன்னால போடும். அலைன்மென்ட் பாத்து விடும்."

"மொதலாளி, கேடு டயரில இல்ல."

"பார்ட்டி நெய்யாற்றின்கரையில நிக்குது ஓய். ஏர்போட்டுக்குப் போறவங்ககிட்ட நான் பால் ஜாயின்டுக்க கதையா சொல்ல? அடுத்த வாரம் மாத்தலாம்."

சக்கரங்களின் சாய்வை அளக்கும் அலைன்மென்ட் கம்ப்யூட்டரைப் பார்ப்பவள் லேகா. எவ்வளவு திருகியும் திரையில் இடச்சக்கரத்தின் எண் சிவப்பிலிருந்து மாறவில்லை. "சரியாவல்ல சார்" என்றாள். "அது போரும்" என்றார் முதலாளி.

பொன்னையன் டயர்களை மாற்றிப் போட்டார். பத்து நிமிட வேலை. முன்னால் இப்போது நல்ல டயர் இருந்தது. பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. "மெல்லப் போ மக்கா" என்று மட்டும் பிஜுவிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிய பிஜு, ஆரியங்கோட்டுக்கு அருகே ஒரு வளைவில் பள்ளத்தில் இறங்கினான். சக்கரம் மடங்கியது. கார் ரப்பர் தோட்டத்துக்குள் பாய்ந்து இரண்டு மரங்களுக்கிடையே நசுங்கி நின்றது. பிஜுவின் வலது காலை முட்டுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கவனக்குறைவாக ஓட்டினான் என்று அவன்மீதே வழக்கும் பதிவானது.

அதன் பிறகும் பொன்னையன் தினமும் வேலைக்கு வந்தார். நட்டுகளைக் கழற்றினார், பூட்டினார். யாராவது கேட்டால் பதில் சொன்னார். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. ஒரு நாள் சூடான சைலன்சரில் முன்கையை ஊன்றி வேலை செய்துகொண்டிருந்தார்.

"அண்ணா, கை! கை பொள்ளுது!" என்று ஓடிவந்து லேகாதான் இழுத்துவிட்டாள். கொப்புளத்தை அவர் வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் முதலாளி, போலீஸுக்குக் கொடுப்பதற்கென்று எழுதிய ஒரு தாளை நீட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: வண்டியில் எந்தக் கோளாறும் இருப்பதாக டிரைவர் சொல்லவில்லை. பட்டறையில் பார்த்தபோதும் எந்தக் கோளாறும் இல்லை. "நாளைக்குக் காலத்தே ஒப்புப் போட்டுத் தாரும். லேகாவும் போடணும்."

அவர் போன சிறிது நேரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து பிஜுவின் மனைவி ஷியாமளா வந்தாள். ஒப்பாரி வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அண்ணா, வண்டிக்கு கேடு உண்டுன்னு அவரு ஒங்ககிட்ட சொன்னாரா, இல்லியா?"

பொன்னையன் ஸ்பானரை எடுத்து, ஏற்கெனவே முறுக்கிய நட்டை மறுபடியும் முறுக்கினார். அவள் காத்து நின்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

மறுநாள் இருள் பிரியும் முன்பே டிரைவர் ஆன்டோ தன் வண்டியை நேராக ஜாக்கியின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். குளத்தூர்க் கடற்கரைக்காரன், அதிகம் பேசமாட்டான்.

"அண்ணே, எனக்கதும் உள்பக்கம் தேயுது. எனக்கும் ரெண்டு பிள்ளையள் உண்டு. உள்ளதச் சொல்லுங்க."

பொன்னையன் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். டக், டக்.

"உள்ளதாக்கும்" என்றார். பல நாள்களுக்குப் பிறகு அவருடைய குரல் அவருக்கே கேட்டது. "போச்சு. எடுக்கப்பிடாது."

ஆன்டோ சாவியைக் கழற்றி லேகாவின் மேசைமேல் வைத்தான். அடுத்தவன் தன் வண்டியைக் கொண்டுவந்தான். பிறகு அடுத்தவன். மிச்சமிருந்த பத்து வண்டிகளில் நாலுக்கு அதே ஆட்டம். நல்ல வண்டிக்காரர்களும் போகவில்லை. பத்துச் சாவிகளும் மேசைக்கு வந்து சேர்ந்தன.

ஏழரைக்கு முதலாளி வந்தபோது எல்லாரும் வண்டிகளுக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"யாருலே நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல்ல மொதலாளி" என்றான் ஆன்டோ. "நாலு வண்டி ஓட்டக் கொள்ளாது. அத மாத்துங்க. பிஜு மேல பழி போடாதிங்க. பொறவு ஓட்டுதோம்."

"களியக்காவிளை தாண்டினா எனக்கு எத்தன டிரைவரு வேணும்னாலும் கிட்டும்."

"வரட்டு. அவங்களுக்கும் சக்கரத்த ஆட்டிக் காட்டுதோம்."

முதலாளி பொன்னையன் பக்கம் திரும்பினார். "ஒப்பு போட்டீரா?"

"இல்ல. வேற எழுதியாச்சு." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். "பிஜு சொன்னான். நான் பாத்தேன். நீங்க ஓட்டச் சொன்னிய. நான் டயரை மாத்திப் போட்டேன். எல்லாம் உண்டு இதில."

"ஒம்மையும் சேத்துப் பிடிப்பாங்க, பாத்துக்கிடும்."

"பிடிக்கட்டு. மாத்திப் போட்டது நானாக்கும்."

லேகா வந்து தாளை வாங்கி, காரின் பானட்டில் விரித்து, அவர் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். பேனா ஆன்டோவிடம் போனது. அவனிடமிருந்து அடுத்தவனிடம். முதலாளி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, போலீஸுக்குச் சொல்லப்போவதாகச் சத்தம் போட்டபடி வெளியே போனார்.

என்ன நடக்கும் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது. பொன்னையனுக்குக் கையிலிருந்த கொப்புளம் அப்போதுதான் எரியத் தொடங்கியது. "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஷியாமளாவுக்குப் பதிலு சொல்லணும்" என்றார்.

"நில்லுங்க, நாங்களும் வாறோம்" என்றான் ஆன்டோ. "பஸ்ஸில போவலாம்."

அறைக்குள் தொலைபேசி அடித்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து பார்ட்டி. லேகா எடுத்தாள்.

"இல்ல சார், இன்னைக்கு வண்டி இல்ல" என்றாள். மறுமுனை ஏதோ கத்தியது. அவள் வெளியே நின்றவர்களைப் பார்த்தாள். "ஒரு வண்டியும் இல்ல சார். ஒண்ணும் வராது."