நல்ல கேஸ்

இறுதித் தேர்வன்று நான் கேஸாகப் படுத்திருந்தேன். நோயாளிகள் குறைந்தால் மாணவர்களில் ஒருவனைப் படுக்கவைப்பது எங்கள் மருத்துவக் கல்லூரி வழக்கம். காலையில் எழ முடியாதவனாகப் பார்த்து எடுப்பார்கள். கட்டிலோடு தூக்கி வருவது சுலபம்.

மணி அடிப்பதற்குள் யாராவது என் நோயைச் சொல்லவேண்டும். இல்லையென்றால் என்னை அறுவை மேசைக்கு அனுப்புவார்கள். முதலாண்டுக்காரர்கள் அறுத்துப் படிக்க உடல் வேண்டுமாம்.

வார்டு நீண்டுகொண்டே போனது. தேர்வு நடத்தும் பெரிய சார் அதன் கோடியில் ஈ அளவுக்கு உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் என் காதுக்குள் இருந்தது.

என் வகுப்பில் செரின் முதலில் வந்தாள். வயிற்றில் கை வைத்தாள். கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. ஹாஸ்டல் சாவியும் பாதி வடையும் வெளியே வந்தன.

"வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சம் முனகேன். மார்க் போயிரும்."

முனகினேன்.

"மண்ணீரல் வீங்கல சார்."

"பாஸ்," என்றது காது.

வகுப்பு முழுவதும் வந்தது. இதயம், நுரையீரல், முட்டி, எல்லாம் சரியாக இருந்தன. எல்லோரும் பாஸ். ட்ராலி தள்ளும் அண்ணாச்சி கட்டிலருகே வந்து நின்றார்.

"முடிஞ்சுதா தம்பி?"

"ஒருத்தன் பாக்கி."

அது இசக்கியப்பன். என் அறைத்தோழன். ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வந்தான்.

"ஐயா, உங்க பேரு?"

"ஏலே, உனக்குத் தெரியாதா?"

"மரியாதையா கேக்கணும். மார்க் இருக்கு."

"சுயம்பு."

"என்ன பண்ணுது ஐயா?"

எந்த நோயாளியிடமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். நம்ம ஆள்தானே என்று ஒருவரும் கேட்கவில்லை.

"காலையில எந்திரிக்கத் தோணல. ராத்திரி தூங்கவும் தோணல. இருக்கவே தோணல."

"எவ்வளவு நாளாலே?" மரியாதை போய்விட்டது.

"நீ ரூமுக்கு வர்றதுக்கு முன்னாலேருந்து."

"நான் சோம்பல்னு நெனச்சேன்."

"நானும்."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். தேர்வில் உட்காரக்கூடாது.

"நோய் எந்த உறுப்புல?" என்றார் பெரிய சார்.

"உறுப்பு தெரியல சார். ஆனா நோய் இருக்கு."

"உறுப்பு இல்லாம நோயா? ஃபெயில்."

மணி அடித்தது. சார் பறந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டார்.

இசக்கியப்பன் செருப்பைக் கழற்றினான். "தள்ளிப் படுலே," என்றான். தள்ளினேன். படுத்துக்கொண்டான்.

அண்ணாச்சி எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரை இது தாங்காது. பெரிய ட்ராலி எடுத்தாரேன்."

அவர் நடக்க நடக்க வார்டு நீண்டது. நெடுநேரம் முதுகு தெரிந்தது. பிறகு செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

இசக்கியப்பனின் கை என் வயிற்றின்மேல் இருந்தது. சூடு ஆறவில்லை.

"மொதல்லேருந்து சொல்லு," என்றான்.

சொல்ல ஆரம்பித்தேன்.